பிளக் பிடுங்கிய எழுபத்தைந்து நாள்

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, மேலே வெள்ளைத்துணி போட்டு மூடி, அதைக் காப்பாற்றிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு அன்றும் மரியாதை இருந்ததில்லை, இன்றும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையோரப் பாறசாலையில் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் வேலை பார்த்தேன்.

அது ஒரு பாரலல் காலேஜ். பரீட்சையில் தோற்றவர்களையும் காலேஜில் இடம் கிடைக்காதவர்களையும் ஓட்டுக் கட்டடத்தில் நெருக்கி உட்கார்த்திப் பாடம் நடத்துகிற இடம். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டோரம் எத்தனையோ உண்டு. இதன் சொந்தக்காரர் மலையாளம் பி.ஏ. படித்தவர். தனக்குத்தானே பிரின்சிப்பல் என்று போர்டு எழுதி வைத்திருந்தார். எல்லாரையும் போல நானும் பிரின்சிப்பல் சார் என்றுதான் கூப்பிட்டேன். பக்கத்துக் காலேஜில் இல்லாதது தன் காலேஜில் வேண்டும் என்பதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதைச் சொல்லிக்கொடுக்க, பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துப் போட்டார். எனக்கு இருபது வயது. அந்த மெஷினோடு வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்த ஒரே ஆள், அந்தக் கட்டடத்தில் நான்தான்.

மெஷின் இருந்த அறைக்குச் சட்டங்கள் உண்டு. செருப்புப் போடப்பிடாது. வெளி ஃப்ளாப்பி கொண்டுவரப்பிடாது, வைரஸ் வரும். உள்ளே இருக்கிற ஃப்ளாப்பியையும் எடுக்கப்பிடாது. அது பிரின்சிப்பலின் அலமாரியில் பாச்சா உருண்டை போட்டுப் பூட்டிக் கிடக்கும், வைரஸ் அண்டாமலிருக்க. பிரிண்டரை பரீட்சையன்றைக்கு மட்டும்தான் ஓட்டலாம், இல்லாவிட்டால் ரிப்பன் தேயும். இதையெல்லாம் அவர் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். 'வைரஸ்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

என் வகுப்பில் நான்கு பேர். மூன்று பேர் வீட்டில் அடங்காததால் அனுப்பி வைக்கப்பட்டவர்கள், அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது ஆள் பூவாரிலிருந்து வந்த ஓர் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். கட்டினவர் கடலுக்குப் போகிறவர். பிரீடிகிரி பாஸாகிவிட்டு, கல்யாணம் முடிந்து, பிள்ளை ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் எல்லாரும் சிரிக்கச் சிரிக்க இரண்டு பஸ் மாறிப் படிக்க வந்தவள். கடற்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடினார்கள். சர்ட்டிபிகேட்டோடு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால் வேறு ஆள். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் ஆகும்.

பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஒரு புராஜெக்ட் செய்து, வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் அதை மெஷினில் ஓட்டிக் காட்டவேண்டும். மற்ற மூன்று பேரும் நான் எழுதிக்கொடுத்த பத்து வரியை அப்படியே அடித்தார்கள். அக்கா அவள் கரையின் வீடுகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் எத்தனை பேர், யார் கடலுக்குப் போகிறார், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சு, யாருக்கு இழுப்பு. நாலு மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக அடித்து ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் இதைத்தான் காட்டப்போகிறேன் என்றாள். நகல் கிடையாது, சட்டம் அப்படி. எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

ஓணத்துக்கு அடைத்தோம். அந்த லீவில் காலேஜுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இடி விழுந்து டிவி கருகிப்போனது. பிரின்சிப்பல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கையோடு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டி ரப்பர்பாண்டு போட்டார். துலாம் மாசம், அதாவது ஐப்பசி, கழிகிற வரைக்கும் யாரும் தொடப்பிடாது என்று உத்தரவு.

இடிக்குப் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. துலாமாச இடியை அங்கே வளர்ந்தவன் எவனும் விளையாட்டாக எடுக்கமாட்டான். ஆனால் பயத்துக்கும் ஓர் அளவு, ஒரு நேரம் உண்டு. நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சொன்னேன்.

"சார், அதுக்குள்ள ஒரு பேட்டரி உண்டு. மெஷினை ஓட்டாம வச்சா அது இறங்கிப் போவும்."

"பேட்டரியா?" அவர் சுவர்க்கடிகாரத்தைக் கைகாட்டினார். "பேட்டரி அதுக்காக்கும். கம்ப்யூட்டருக்குக் கரண்டு. எலே, நீ டிப்ளமா படிச்சது எங்க?"

"வாரத்துக்கு ஒருக்கா, காலையில ரெண்டு மணிக்கூர் ஓட்டினாப் போதும் சார். இடி உச்சை கழிஞ்சுதானே வருது."

"இடி உனக்கிட்ட டைம் சொல்லிட்டாக்குமா வருது?"

எக்கனாமிக்ஸ் சார் வாயில் வைத்த பழம்பொரியோடு சிரித்தார். சரித்திரம் சாரும் சிரித்தார். அவர்களில் ஒருவருக்காவது அந்த மெஷினை எப்படி ஆன் செய்வது என்று தெரியாது.

அந்தப் பேட்டரி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மதர்போர்டின் ஓரத்தில், நீல உறை போட்ட ஒரு சின்ன உருளை. சுண்டுவிரல் துண்டு அளவு. மெஷின் ஓடும்போது அதில் சார்ஜ் ஏறும். ஓடாதபோது அந்தச் சார்ஜில்தான் உள்கடிகாரம் நடக்கும். என்ன ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது, அதன் அளவு என்ன என்ற குறிப்பும் அழியாமல் கிடக்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்தால் இரண்டு மாசம் தாங்கும். நல்லதாக இருந்தால் மூன்று. பிறகு வந்த காசு போன்ற வட்டப் பேட்டரிகள் வருஷக்கணக்கில் தாங்குகின்றன, ஆனால் எங்களிடம் இருந்தது அது அல்ல. பாதுகாக்கிறோம் என்று பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு நாளும் அவர்கள் அதைக் கொன்றுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. சிரிக்கிறவர்களிடம் என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன். அது என் தப்புதான்.

அப்புறம் கரும்பலகையில் கீபோர்டு வரைந்து வகுப்பு நடத்தினேன்.

"சாரே," என்று கேட்டாள் அக்கா, "இதுல என்டர் அடிச்சா என்ன வரும்?"

"சாக்குப்பொடி வரும்."

"அப்ப ஒண்ணு ரெண்டு அடிச்சிட்டு வாறேன். முகத்துக்குப் பூச ஆவும்."

நவராத்திரி வந்தது. பூஜை வைத்தால் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த வழக்கம். பிரின்சிப்பல் புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் பூஜை வைத்தார். மானிட்டருக்கு நடுநெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சிபியூவுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல் ஃப்ளாப்பி போடுகிற வாயில் அப்பிவிட்டார். நான் ஈர்க்குச்சி வைத்துச் சுரண்டி எடுத்தேன். சுரண்டியது தப்பு என்று என்னைத்தான் ஏசினார்.

விஜயதசமியன்று காலையில் எடுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் ஹரிஸ்ரீ எழுதி எழுத்துத் தொடங்குகிற மாதிரி, மாணவர்கள் வரிசையாக வந்து கீபோர்டில் ஹரிஸ்ரீ அடிக்கவேண்டும் என்றார். மெஷினுக்குப் பிளக் கிடையாது; வயர் ரப்பர்பாண்டோடு மேஜைக்கு அடியில் தொங்கியது. செத்த கீபோர்டில் நாற்பது பேர் பயபக்தியோடு விரலால் குத்திவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். எக்கனாமிக்ஸ் சார் இரண்டு தடவை வந்தார். அக்காவும் வரிசையில் நின்றாள்.

"நீங்க என்ன அடிச்சிய?" என்று பிறகு கேட்டேன்.

"ஒண்ணும் அடிக்கல்ல. கரண்டு இல்லாத்ததுக்கு அடிச்சா என்ன, அடிக்காட்டா என்ன. சுண்டல் தந்தாவ, வாங்கிட்டு வந்தேன்."

அந்தக் கட்டடத்தில் எனக்கு அடுத்தபடி அறிவுள்ள ஆள் யார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எனக்கு அடுத்தபடி என்பதும் என் நினைப்புதான்.

விருச்சிகம், அதாவது கார்த்திகை, பிறந்து ஒரு வாரம் கழித்துப் பரீட்சை. மூன்று நாள் முன்னால் பிரின்சிப்பல் ரப்பர்பாண்டை அவிழ்த்தார். நாள் எண்ணிப் பார்த்தேன், எழுபத்தைந்து. அக்கா என் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஓடியது, விசிறி சத்தம் வந்தது. திரையில் பேட்டரி தாழ்ந்திருக்கிறது என்று ஒரு வரி. தேதி 1980 ஜனவரி ஒன்று. அடுத்து, ஹார்ட் டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. அதோடு நின்றுவிட்டது.

"தியதி தானே மாறியிருக்கு," என்றார் பிரின்சிப்பல். "காலண்டர் பாத்து மாத்து."

அக்கா கடைசி வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "எனக்க ஃபைல் எங்க?"

"டிஸ்கில இருக்கு."

"டிஸ்க் இல்லைண்ணுல்லா சொல்லுது."

பேட்டரி என்று நான் வாயைத் திறந்தேன். பிரின்சிப்பல் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, விற்ற கம்பெனிக்குப் போன் செய்யக் கிளம்பினார்.

மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். டை கட்டியிருந்தார். பிரின்சிப்பல் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். வந்தவர் தன் ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பினார். ஹார்ட் டிஸ்குக்குள் போக சி என்று அடித்தார். அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் இல்லை என்றது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வித்தை.

"டிஸ்க் போச்சு சார். இடி."

"பிளக் உருவித்தானே கிடந்தது?" என்று பிரின்சிப்பலே கேட்டுவிட்டார்.

"இண்டக்ஷன்."

பிரின்சிப்பல் கண்ணை மூடித் தலையாட்டினார். ஹரிஸ்ரீ அடித்தபோது இருந்த அதே முகம். நான், பேட்டரி, செட்டப், டிஸ்க் டைப் என்று மூன்று வார்த்தை சொன்னேன். என்ஜினியர் என்னைப் பார்க்காமல் பிரின்சிப்பலைப் பார்த்துச் சிரித்தார். "லிஸ்டில ஒரு டைப்பைப் போட்டு ஃபார்மேட் அடிச்சுத் தாறேன். கிட்டினா கிட்டும். ஊணு கழிஞ்சு பாக்கலாம்."

கண்டபடி ஒரு டைப்பைப் போட்டு ஃபார்மேட் அடித்தால், இருக்கிறதும் அழியும். இரண்டு பேரும் கைகழுவிவிட்டு ஓட்டலுக்குப் போனார்கள். மீன்கறி நல்லா இருக்கும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அக்கா கதவைச் சாத்தினாள்.

"மக்கா," என்றாள். அந்த அறைக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உனக்கு உறப்பாத் தெரியுமா, இல்ல இந்த ஆளுவளைப் போல நீயும் வாய்தானா?"

"உறப்பாத் தெரியும். ஃபைலுக்கு ஒண்ணும் ஆவல்ல. டிஸ்க் எவ்வளவு பெரிசுன்னு மெஷின் மறந்துபோச்சு, அவ்வளவுதான். மூணு நம்பரைச் சொல்லிக் குடுத்தாப் போதும்."

"வீடு அங்கதான் இருக்கு, இதுக்கு வழி மறந்துபோச்சு."

"ஆமா."

"நம்பர் எங்க?"

"டிஸ்குக்கு மேல ஒட்டியிருக்கும். மூடியைத் திறக்கணும்." நான் மூடியின் பின்பக்கத்தைக் காட்டினேன். திருகாணி மேல் கம்பெனியின் காகிதச் சீல். கிழிந்தால் வாரண்டி போகும். பிரின்சிப்பல் தினம் காலையில் அந்தச் சீல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

நான் அங்கேதான் தயங்கினேன். இத்தனை நாள் எல்லாரையும் மனதுக்குள் மடையன் மடையன் என்று திட்டிக்கொண்டிருந்த நான், ஒரு காகிதத் துண்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா நகத்தால் ஒரே இழுப்பில் அதைப் பொளித்தாள்.

"பொளிச்சது நானாக்கும். இனி நீ திற."

திறந்தேன். அந்த நீல உருளை வெடித்து, அதைச் சுற்றிக் குளத்துப்படியில் பாசி பிடித்ததுபோலப் பச்சையாகக் கசிந்து காய்ந்திருந்தது. டிஸ்க்கின் லேபிள் தலைகீழாக இருந்தது. கழுத்தைத் திருப்பிப் படித்தேன். சிலிண்டர் 977, ஹெட் 5, செக்டர் 17. அக்கா உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். டிஸ்க் குறிப்பை எழுதுகிற செட்டப்பில் போய், நாமே எண் போடுகிற நாற்பத்தேழாம் டைப்பில் மூன்றையும் அடித்து, சேமித்து, விட்டேன். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது. சி வந்தது. அவளுடைய ஃபைல், ஓணத்துக்கு முந்தின நாள் தேதியோடு, இருந்த இடத்திலேயே இருந்தது.

கட்டிப்பிடிக்கவோ கும்பிடவோ செய்வாள் என்று யாராவது எதிர்பார்த்தால், இல்லை. "மூடு. அவியள் வந்திருவாவ," என்றாள்.

ஏப்பம் விட்டுக்கொண்டு வந்த என்ஜினியர், ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார். "அப்ப லூஸ் கனெக்ஷனாயிருக்கும்," என்றார். காலையில் இடி, மத்தியானம் லூஸ் கனெக்ஷன். அவருக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிரின்சிப்பலுக்கோ மெஷின் ஓடுவதில் சந்தோஷமே இல்லை. சீல் போனதுதான் பெரிசு. அக்காவையும் என்னையும் அரைமணி நேரம் ஏசினார். காப்பி எடுத்து வைக்க ஒரு ஃப்ளாப்பி தாருங்கள் என்று அந்த ஏச்சுக்கு நடுவிலேயே கேட்டேன். வைரஸ் என்றார்.

பேட்டரி செத்துப்போனதால் கரண்டு போகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடியும் செட்டப்புக்குப் போய் அந்த மூன்று எண்களை அடிக்கவேண்டும். அன்று மாலைக்குள் கரண்டு இரண்டு தடவை போனது. முதல் தடவை நான் அடித்தேன். இரண்டாவது தடவை, "தள்ளு" என்று அக்கா உட்கார்ந்தாள்.

பரீட்சையன்று காலையிலேயே மெஷினைக் கிளப்பி வைத்துவிட்டேன். எக்ஸாமினர் பத்தரைக்கு வந்தார். பருத்த மனிதர், வியர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பரீட்சை அறைக்குள் விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்று பேரும் தங்கள் பத்து வரியை ஓட்டிக் காட்டினார்கள். அக்கா உட்கார்ந்தாள், ஃபைலைத் திறந்தாள். எக்ஸாமினர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அதைப் பார்த்த பிரின்சிப்பல் ஓடிப்போய் ஒரு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷின் மாட்டியிருந்த பிளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்தில் விசிறியை மாட்டினார்.

திரை இருண்டது. விசிறி சுற்றியது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமுடியாது. பிரின்சிப்பல் திரும்பி, "ஒரு நிமிஷம் ஆஃப் ஆனா என்னலே? சுவிட்சைப் போட்டா வரும்," என்றார்.

அக்கா எழுந்து, விசிறியின் பிளக்கை உருவி, மெஷினை மாட்டி, சுவிட்சைப் போட்டு உட்கார்ந்தாள். எக்ஸாமினர் வியர்த்தார். அவள் செட்டப்புக்குப் போனாள். தேதியைப் போட்டாள். 977, 5, 17. உள்ளங்கையைப் பார்க்கவில்லை. அதில் எழுதியது எப்போதோ கழுவிப் போயிருக்கும்.

"இது என்ன செய்றீங்க? இது சிலபஸில இல்லையே?" என்று கேட்டார் எக்ஸாமினர்.

"மெஷினுக்கு வழி சொல்லிக் குடுக்கேன் சார்," என்றாள். பிறகு மலையாளத்தில் பேட்டரியையும் டிஸ்கையும் பற்றி நான்கே வாக்கியத்தில் சொன்னாள். நான் ஸ்டாஃப் ரூமில் இரண்டு தடவை சொல்லித் தோற்றதை, அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டாமல் "ஓகே, ஓகே" என்றார். ஃபைல் திறந்தது. வீடு வீடாக அவள் காட்டினாள். தடுப்பூசி போடாத பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்துக் காட்டினாள். பிரிண்டர் கறகறத்தது.

அன்றைக்கே எக்ஸாமினர் மார்க் போட்டபோது அந்த மூன்று பேருக்கும் இவளைவிடக் கூடுதல். இவளுக்குப் பரீட்சை நேரத்தைத் தேவையில்லாமல் வீணாக்கியதற்காகக் குறைத்திருந்தார். நான் கொதித்தேன். "பாஸ் ஆச்சுல்லா, விடு மக்கா," என்றாள். "ரேங்கு வாங்கி நான் எங்க கொண்டு வைக்க?" எக்ஸாமினரிடம் தற்காலிகச் சர்ட்டிபிகேட்டில் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, மை காய்கிறதுக்கு முன்னால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கம்பெனி பிறகு, சீல் போனதால் காசு வாங்கிக்கொண்டு, போர்டை மாற்றித் தந்தது. பழையது இடியால் பழுதானது என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தது. பிரின்சிப்பல் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அடுத்த வருஷம் ஓணம் வரை காத்திருக்காமல் கர்க்கடகத்து ஆடிமழையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தார். அதைப் பார்க்க நான் அங்கே இருக்கவில்லை.

ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளைப் பார்க்கத்தான். ஒரு சின்ன அறையில், மெஷினுக்கு முன்னால் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே சீட்டு வாங்க வரிசை நின்றது.

"இங்கயும் சாயந்திரம் ஆனா பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் போறாவ," என்றாள்.

"நீங்க சொல்லல்லியா?"

"யாருக்கிட்ட? உன்னைப் போலச் சொல்லிச் சொல்லிச் சடைக்க எனக்கு நேரமில்ல." மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். டிஸ்க்கின் எண்களை எழுதிய ஒரு காகிதம். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பி, ஒவ்வொன்றிலும் தேதி. இழுப்பறையை மூடிவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "அடுத்த ஆளு வாங்க."